வாசகர் கேள்வி – பதில்: தொலைநிலைக் கல்வியில் சேர்த்தவரைக் கரைசேர்ப்பது எப்படி?

தொலைநிலைக் கல்வி குறித்த கேள்விகளை அனுப்புமாறு சென்ற இதழில் கேட்டிருந்தோம். கொங்கு வட்டாரத்திலிருந்து வந்த கடிதங்களுள் ஆறினைத் தேர்ந்தெடுத்து, பல்கலைக்கழகமொன்றின் தொலைநிலைக் கல்விப் பிரிவில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வுபெற்ற பேராசிரியரிடம் அளித்தோம். அவர் எழுதிய பதில்கள் கீழே.

கேள்வி: எங்கள் பல்கலைக்கழகத்தின் தொலைநிலைக் கல்வி மையத்துக்கு அண்மையில் ஒருங்கிணைப்பாளராகப் பொறுப்பேற்றுள்ளேன். இரண்டு ஆண்டுகளில் மாணவர் எண்ணிக்கையை இருமடங்காக்க வேண்டும் என்று நிர்வாகம் எதிர்பார்க்கிறது. புதிய படிப்புகளைத் தொடங்குவதா, விளம்பரத்தைப் பெருக்குவதா? எதிலிருந்து தொடங்குவது?
— உதவிப் பேராசிரியர், கோவை

பதில்: இரண்டிலிருந்தும் தொடங்க வேண்டாம் என்பதே என் கருத்து. மூன்று ஆண்டுகளுக்கு முன் உங்கள் மையத்தில் சேர்ந்தவர்களின் பதிவேட்டை முதலில் எடுங்கள். அவர்களுள் எத்தனை பேர் முதல் அசைன்மென்ட்டை அனுப்பினார்கள், எத்தனை பேர் முதல் பருவத் தேர்வுக்கு ஹால் டிக்கெட் பெற்றார்கள், பெற்றவர்களில் எத்தனை பேர் தேர்வறைக்கு வந்தார்கள், இரண்டாம் ஆண்டுக் கட்டணத்தை எத்தனை பேர் செலுத்தினார்கள், கடைசியில் பட்டம் வாங்கியவர்கள் எத்தனை பேர் என்று ஒவ்வொரு படிப்புக்கும் தனித்தனியே எண்ணிப் பாருங்கள். சேர்க்கை எண்ணிக்கை எல்லா அலுவலகங்களிலும் சுவரில் எழுதி வைக்கப்பட்டிருக்கும். இந்த ஐந்து எண்களைக் கேட்டால் பெரும்பாலும் எவரிடமும் விடை இருப்பதில்லை. தொலைநிலைக் கல்வியில் படிப்பை விட்டவர் சொல்லிக்கொண்டு விடுவதில்லை. வகுப்பறையில் ஒரு மாணவர் நான்கு நாள் வராவிட்டால் அவருடைய இருக்கை காலியாகத் தெரியும். இங்கே கட்டணம் மட்டும் வராமற்போகும், அதையும் ஓராண்டு கழித்தே கவனிப்போம்.

நான் பணியில் சேர்ந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தபோது, திருப்பூரில் செக்கிங் (தைத்த துணியைச் சரிபார்க்கும்) வேலை பார்த்துவந்த ஒரு பெண் ஹால் டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். “புத்தகமே இன்னும் வரலீங்க, பரீட்சைக்கு மட்டும் கூப்புடறீங்களே” என்று கேட்டார். அச்சகத்திலிருந்து புத்தகங்கள் வந்து கிடங்கில் அடுக்கப்பட்டிருந்தன. முகவரிச் சீட்டு ஒட்டுவதற்கு ஆள் ஒதுக்கப்படாததால் அவை ஏழு வாரங்களாக அங்கேயே கிடந்தன. நான் இரண்டு புத்தகங்களைத் தேடி எடுத்துக் கொடுத்தேன். அவர் அந்தப் பருவத் தேர்வை எழுதவில்லை, அடுத்த ஆண்டுக் கட்டணத்தையும் செலுத்தவில்லை. சேர்க்கைக் கணக்கில் அவர் ஒருவராக எண்ணப்பட்டார் என்பதை இன்றும் மன வருத்தத்தோடுதான் நினைத்துக்கொள்கிறேன்.

மாணவர் நழுவிப் போகும் இடங்கள் பெரும்பாலும் மூன்று: கட்டணம் செலுத்திய நாளுக்கும் புத்தகம் கையில் கிடைக்கும் நாளுக்கும் நடுவே உள்ள இடைவெளி, புத்தகம் கிடைத்ததற்கும் முதல் அசைன்மென்ட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி, முதல் தேர்வுக்கு முந்தைய இரண்டு வாரங்கள். இவற்றுள் நடுவில் உள்ளதே ஆழமானது. பள்ளிப் படிப்பை முடித்துப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆன ஒருவருக்கு, ஒரு பக்க விடை எழுதுவதற்கே கை தயங்கும். தமிழ்நாட்டில் 1971-இல் மதுரைப் பல்கலைக்கழகம் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது. இங்கிலாந்தின் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் அதே ஆண்டில்தான் தன் முதல் மாணவர்களைச் சேர்த்துக்கொண்டது. வானொலி, தொலைக்காட்சிப் பாடங்களுக்காக அதைப் பலரும் புகழ்வதுண்டு. ஆனால் மாணவர் எழுதி அனுப்பும் ஒவ்வொரு அசைன்மென்ட்டையும் ஓர் ஆசிரியர் படித்து, ஓரத்தில் விரிவாகக் குறிப்பெழுதித் திருப்பி அனுப்பும் வழக்கம்தான் அந்தப் பல்கலைக்கழகத்தின் முதுகெலும்பு. நம்மிடத்தில் அசைன்மென்ட் மதிப்பெண் போட்டவுடன் கட்டுக்குள் போய்விடுகிறது. தொடர் மதிப்பீட்டுக்கு 30 விழுக்காடு வரை மதிப்பெண் ஒதுக்க விதி இடம் தருகிறது. அந்த 30-க்காக எழுதப்பட்ட தாள் மாணவரிடம் திரும்பிச் செல்லவில்லையென்றால் அவர் அதிலிருந்து எதையும் கற்கப் போவதில்லை.

எனவே, முதல் ஆண்டில் உங்கள் பணத்தையும் ஆட்களையும் இவற்றுக்கு ஒதுக்குங்கள்: சேர்க்கை உறுதியான பத்து நாட்களுக்குள் புத்தகம் வீடு சேர வேண்டும். ஆறாவது வாரத்துக்குள் சிறியதாக ஓர் அசைன்மென்ட் வாங்கி, அதை இரண்டு வாரங்களில் குறிப்புகளோடு திருப்பி அனுப்ப வேண்டும். அதை அனுப்பாதவர்கள் ஒவ்வொருவரையும் தொலைபேசியில் அழைத்துப் பேச வேண்டும். குறுஞ்செய்தி போதாது. அழைப்பவர், வாசித்துக் காட்டுவதற்கென எழுதிய வாக்கியங்களோடு அமர்ந்த அழைப்பு மையப் பணியாளராக இல்லாமல், அந்தப் பாடத்தில் முதுகலை முடித்த ஒருவராக இருந்தால், ‘எங்கே நின்றுவிட்டீர்கள்?’ என்று கேட்டு அந்த இடத்திலேயே இரண்டு நிமிடம் சொல்லிக்கொடுக்கவும் முடியும். முனைவர் பட்ட ஆய்வாளர்களுக்கு மதிப்பூதியம் கொடுத்து இந்தப் பணியில் அமர்த்தலாம்.

எண்ணிக்கை வளர்வதும் இதன் வழியாகத்தான். நம் பகுதியில் ஒரு பனியன் கம்பெனியின் ஒரு லைனில் (தையல் வரிசையில்) வேலை செய்யும் ஒருவர் பட்டம் வாங்கினால், அடுத்த சேர்க்கையில் அந்த லைனிலிருந்தே மூவர் நால்வர் விண்ணப்பம் கேட்டு வருவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். பாதியில் நின்றவர் இருக்கும் இடத்திலிருந்து ஒருவரும் வரமாட்டார். சேர்க்கை ஆண்டுக்கு இரண்டு முறை, ஜனவரி–பிப்ரவரியிலும் ஜூலை–ஆகஸ்டிலும் நடக்கிறது. ஆகவே நீங்கள் செய்த திருத்தத்தின் பலனை இரண்டாம் ஆண்டிலேயே பார்த்துவிடலாம்.

கேள்வி: நான் ஒன்றரை ஷிப்ட் வேலை பார்க்கிறேன். பி.ஏ. தமிழ் இரண்டாம் ஆண்டு. நேர்முக வகுப்பைச் சனிக்கிழமையில் வைக்கிறார்கள். சனிக்கிழமை சம்பள நாள், லீவு கேட்க முடியாது. நான்கு தாள் அரியர் ஆகிவிட்டது. என்னால் முடியாது என்று விட்டுவிடலாமா?
— பவர்டேபிள் டெய்லர், திருப்பூர்

பதில்: விட வேண்டாம், சகோதரி. உங்களால் முடியவில்லை என்பதற்குக் காரணம் உங்களிடம் இல்லை. அதை ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். விதிப்படி ஒரு கிரெடிட் என்பது 30 மணி நேரப் படிப்பு. நான்கு கிரெடிட் உள்ள ஒரு தாளுக்கு 120 மணி நேரம் ஆகும். ஒரு பருவத்தில் ஐந்து தாள்கள் என்றால் 600 மணி நேரம். புத்தகம் வந்ததிலிருந்து தேர்வு வரை உங்களுக்குக் கிடைப்பது 20 வாரங்கள் என்று கொண்டால், வாரத்துக்கு 30 மணி நேரம் நீங்கள் படித்தாக வேண்டும். காலை எட்டரைக்குப் போய் இரவு எட்டரைக்குத் திரும்பி, அதன் பிறகு சமையலும் பிள்ளைகளும் காத்திருக்கும் ஒரு பெண்ணுக்கு வாரத்தில் 30 மணி நேரம் எங்கிருந்து கிடைக்கும்? நாள்தோறும் ஒரு மணி நேரமும் ஞாயிற்றுக்கிழமை நான்கு மணி நேரமும் கிடைத்தால் பத்து மணி ஆகும். அதில் ஏறக்குறைய இரண்டு தாள்களைச் சரியாகப் படிக்கலாம்.

ஆகவே ஒரு பருவத்தில் இரண்டு தாள்களை மட்டும் எழுதுங்கள். அரியர் என்று மனம் குன்ற வேண்டாம். தொலைநிலைக் கல்வியில் படிப்புக்குக் குறைந்த காலம், அதிக காலம் என்று இரண்டு வரையறைகள் உண்டு. எடுத்துக்காட்டாக, இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பி.ஏ. படிப்பைக் குறைந்தது மூன்று ஆண்டுகளிலும் அதிகமாக ஆறு ஆண்டுகளிலும் முடிக்கலாம் என்று வைத்திருக்கிறார்கள். உங்கள் பல்கலைக்கழகத்தின் அதிக காலம் எவ்வளவு என்பதை எழுத்து மூலமாகக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வகுப்பு நாள் குறித்து உங்கள் மையத்துக்குச் சொல்ல வேண்டியதை இந்தப் பத்தியின் வழியாகவே சொல்லிவிடுகிறேன். திருப்பூரில் சனிக்கிழமை வகுப்பு வைப்பவருக்குத் திருப்பூர் தெரியவில்லை. அங்கு ஞாயிறு காலை பத்து மணிக்கு மேல் வகுப்பு வைத்தால் கூடம் நிறையும். ஷிப்மென்ட் நெருக்கும் மாதங்களில் ஞாயிறும் கிடைக்காது. அப்போது அதே வகுப்பை ஒலிப்பதிவு செய்து கைபேசிக்கு அனுப்பலாம். சோமனூர், பல்லடம் விசைத்தறிக் கூடங்களிலும் நாமக்கல் கோழிப் பண்ணைகளிலும் வேலை நேரம் வேறு வேறாக இருக்கும். ஒரே கால அட்டவணையை எல்லா ஊருக்கும் அனுப்பும் வழக்கத்தைப் பல்கலைக்கழகங்கள் கைவிட வேண்டும்.

கேள்வி: தொலைநிலைக் கல்வி மாணவர்களுக்கு வணிகவியல் பாடம் எழுதித் தரும்படி என்னைக் கேட்டிருக்கிறார்கள். இருபது ஆண்டு வகுப்புக் குறிப்புகள் என்னிடம் உள்ளன. அவற்றையே தொகுத்துக் கொடுத்தால் போதுமா?
— கல்லூரிப் பேராசிரியர், ஈரோடு

பதில்: போதாது. உங்கள் குறிப்புகளோடு உங்கள் குரலும் கரும்பலகையும் சேர்ந்தே அந்த வகுப்பு நடந்தது. மாணவரின் முகம் சுருங்கியதைப் பார்த்து நீங்கள் இன்னொரு முறை விளக்கியிருப்பீர்கள். அந்த இரண்டாம் விளக்கம் எந்தக் குறிப்பேட்டிலும் இராது. தொலைநிலைப் பாடநூலில் எழுதப்பட வேண்டியதே அதுதான். கல்வியாளர் பெர்யே ஹோல்ம்பெர்க், நல்ல தொலைநிலைப் பாடம் ஆசிரியர் மாணவரோடு உரையாடுவதைப் போல் அமைய வேண்டும் என்று வலியுறுத்தினார். மாணவருக்கு எந்த இடத்தில் ஐயம் எழும் என்பதை முன்கூட்டியே எண்ணி, அவர் கேட்பதற்கு முன்பே பதில் சொல்லும் எழுத்து அது.

ஒரு எடுத்துக்காட்டு. நிலைச்செலவு, மாறும் செலவு என்ற பாடத்துக்கு நம் பாடநூல்களில் ஏதோ ஓர் ஆலையைச் சொல்வார்கள். ஈரோட்டிலும் பல்லடத்திலும் உள்ள மாணவருக்கு விசைத்தறியை வைத்துச் சொல்லுங்கள். தறி ஓடினாலும் ஓடாவிட்டாலும் கொட்டகை வாடகையைக் கொடுத்தாக வேண்டும், வங்கிக் கடன் தவணையைக் கட்டியாக வேண்டும். மின்சாரமும் ஊடை நூலைத் தாரில் சுற்றும் கூலியும் தறி ஓடுவதைப் பொறுத்து ஏறி இறங்கும். நீளவாக்கில் ஓடும் பாவு நூலும் குறுக்கே ஓடும் ஊடை நூலும் எதில் சேரும்? சொந்தமாக நூல் வாங்கி நெய்பவருக்கு அது மாறும் செலவு. ஜவுளி உற்பத்தியாளரிடம் நூல் வாங்கிக் கூலிக்கு நெய்பவருக்கு நூல் அவருடைய செலவே இல்லை. இந்த ஒரு கேள்வியை மாணவர் தம் வீட்டுத் தறியை வைத்துச் சிந்தித்துவிட்டால், வரையறையை மனப்பாடம் செய்ய வேண்டியிருக்காது. கைடு வாங்கிப் படிக்கும் வழக்கம் பரவியதற்கு மாணவரின் சோம்பலைக் காரணம் காட்டுவது எளிது. பல்கலைக்கழகம் தந்த புத்தகம் படித்துப் புரிந்துகொள்ளும்படி இல்லை என்பதே நான் கண்ட காரணம்.

தமிழ்வழிப் பாடநூல்களின் நிலை இன்னும் வருந்தத்தக்கது. ஆங்கிலப் பாடத்தை ஒருவரிடம் கொடுத்து, சொல்லுக்குச் சொல் மாற்றி வாங்கி, படித்துப் பார்க்காமலேயே அச்சுக்கு அனுப்பிய நூல்கள் பலவற்றை நான் திருத்த நேர்ந்தது. அவற்றைத் திருத்துவதைவிடப் புதிதாக எழுதுவது எளிதாக இருந்தது. நீங்கள் தமிழிலேயே சிந்தித்துத் தமிழிலேயே எழுதுங்கள். அலகு ஒன்றுக்கு இரண்டு மூன்று பக்கங்களுக்கு ஒருமுறை ஒரு சிறு வினா வைத்து, விடையை அலகின் இறுதியில் விளக்கத்தோடு தாருங்கள். எழுதி முடித்ததும், அந்தப் பாடத்தை அறியாத, பன்னிரண்டாம் வகுப்பு முடித்த ஒருவரிடம் கொடுத்து, அவர் எங்கே நிற்கிறார் என்று பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். இதற்கெல்லாம் பல்கலைக்கழகம் போதிய காலமும் ஊதியமும் தர வேண்டும். ‘பதினைந்து நாளில் ஐந்து அலகு’ என்று எவரேனும் கேட்டால் தயங்காமல் மறுத்துவிடுங்கள்.

கேள்வி: தொலைநிலைக் கல்வியில் வரும் உபரியைக் கொண்டு பல்கலைக்கழகத்தின் பிற துறைகளை நடத்துவதில் என்ன தவறு? பணம் ஒரே நிறுவனத்துக்குள்தானே இருக்கிறது?
— ஆட்சிக்குழுவில் இருந்தவர், சேலம்

பதில்: உபரி என்று நீங்கள் சொல்வது பெரும்பாலும் உபரி இல்லை, செய்யாமல் விட்ட பணிகளின் தொகை. தொலைநிலைக் கல்வியில் செலவின் பெரும்பகுதி முதல் மாணவர் சேர்வதற்கு முன்பே ஆகிவிடும். பாடம் எழுதுவது, செம்மையாக்குவது, பதிவு செய்வது எல்லாம் நூறு மாணவருக்கும் ஒன்றுதான், பத்தாயிரம் பேருக்கும் ஒன்றுதான். ஆகவே எண்ணிக்கை கூடக்கூட ஒரு மாணவருக்கான செலவு இறங்கும், வரவுக்கும் செலவுக்கும் இடையே பெரிய தொகை நிற்கும். அசைன்மென்ட்டைப் படித்துக் குறிப்பெழுதுவதும், தொலைபேசியில் பேசுவதும், நேர்முக வகுப்பும் அப்படியானவை அல்ல. அவற்றின் செலவு ஒவ்வொரு மாணவருக்கும் தனித்தனியே ஆகிறது. இவற்றைச் சுருக்கினால் பணம் மிஞ்சும். அப்படி மிஞ்சிய பணத்தைப் பலரும் தொலைநிலைக் கல்வியின் இலாபம் என்று கணக்கில் எழுதிவிட்டார்கள். வார ஊதியத்திலிருந்து சிறுகச் சேர்த்துக் கட்டணம் செலுத்தியவருடைய பணம் அது. அந்த மாணவருக்குச் சேர வேண்டிய பணி நிறைவேறிய பிறகு மீதம் இருந்தால், அதை அடுத்த பாடநூலின் திருத்தத்துக்கு ஒதுக்குங்கள்.

நிர்வாகக் காரணமும் ஒன்று உண்டு. 1962-இல் தில்லிப் பல்கலைக்கழகம் அஞ்சல்வழிப் படிப்பைத் தொடங்கியபோது இதற்கென்று தனி ஒழுங்குமுறை ஏதும் இல்லை. இன்று நிலைமை வேறு. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2020-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, நாக் எனப்படும் தேசிய மதிப்பீட்டு அவையின் மதிப்பீட்டில் நான்குக்கு 3.01 புள்ளியோ, மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசையில் வரையறுத்த இடமோ இருந்தால்தான் தொலைநிலைப் படிப்பை நடத்த இயலும். தனியாருக்கு மையங்களைப் பிரான்சைஸ் முறையில் கொடுப்பது தடை செய்யப்பட்டுள்ளது. மாநிலப் பல்கலைக்கழகம் தன் எல்லைக்கு வெளியே மையம் வைத்தலாகாது. உள்தர உறுதிப்பாட்டுக்கெனத் தனி மையம் இயங்க வேண்டும். தெருவுக்குத் தெரு ஸ்டடி சென்டர் பலகை தொங்கிய காலத்தின் வருவாயை மனத்தில் வைத்துக்கொண்டு இன்றைய வரவு செலவுத் திட்டத்தைப் போட்டால், ஒப்புதல் ஓராண்டு தள்ளிப்போனால்கூடப் பல்கலைக்கழகம் ஊதியம் தரத் திணறும். தொலைநிலைக் கல்விக்குத் தனி வங்கிக் கணக்கும், ஈராண்டுச் செலவுக்கான இருப்பும், நிரந்தரப் பணியிடங்களும் வேண்டும் என்று நான் பணியில் இருந்தபோதும் எழுதினேன். இன்னும் அதையே வலியுறுத்துகிறேன்.

கேள்வி: என் மகன் லாரி பாடி கட்டும் பட்டறையில் வேலை செய்துகொண்டே கரஸ்ஸில் (அஞ்சல்வழியில்) பட்டம் படிக்க நினைக்கிறான். அரசு வேலைக்கு அந்தப் பட்டம் செல்லுமா?
— ஒரு தந்தை, நாமக்கல்

பதில்: செல்லும். பல்கலைக்கழக மானியக் குழுவின் ஒப்புதல் பெற்ற தொலைநிலைப் பட்டம் நேரடிப் படிப்பின் பட்டத்துக்கு நிகரானது என்று 2020 விதிமுறைகளின் 22-ஆம் விதி கூறுகிறது. ஆனால் மூன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். பல்கலைக்கழகத்துக்கு மட்டுமன்றி, சேரப்போகும் அந்தப் படிப்புக்கும் அந்த ஆண்டுக்கும் ஒப்புதல் உள்ளதா என்பதை மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பணியகத்தின் இணையதளத்தில் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டு அரசுப் பணிக்குப் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பிறகு பட்டம் என்ற வரிசையில் படித்திருக்க வேண்டும் என்று 2009-ஆம் ஆண்டு அரசாணை உள்ளது. ஆகவே மகன் பன்னிரண்டாம் வகுப்பை முடிக்கவில்லையெனில் முதலில் அதை முடிக்கட்டும். பொறியியல், சட்டம், செவிலியம், மருந்தியல் போன்றவற்றைத் தொலைநிலையில் தருவதாக எவர் சொன்னாலும் பணம் கட்ட வேண்டாம். அஞ்சல் வழியில் பெற்ற பொறியியல் பட்டங்கள் செல்லா என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் தீர்ப்பளித்த பின், அத்தகைய பட்டத்தோடு பணியில் இருந்தவர்கள் பட்ட துன்பம் கொஞ்சமன்று.

கேள்வி: தாளவாடி மலையில் கற்பித்தல் பணியில் இருக்கிறேன். எங்கள் ஊர் இளைஞர்கள் படிக்க விரும்புகிறார்கள். எல்லாம் இணையம் என்றாகிவிட்டதால் சிக்னல் இல்லாத ஊர்க்காரர்கள் என்ன செய்வது?
— ஆசிரியை, தாளவாடி

பதில்: அச்சிட்ட புத்தகத்தைக் கைவிட்டு இணையத்துக்கு மட்டும் போக நினைக்கும் பல்கலைக்கழகங்கள் உங்கள் கடிதத்தைப் படிக்க வேண்டும். காணொளி நல்லதுதான், மத்திய அரசின் ஸ்வயம் இணையத் தளத்தில் தரமான பாடங்கள் பல இருக்கின்றன. ஆனால் மலையூர் மாணவருக்குப் புத்தகமே முதன்மையாகவும், ஊருக்குப் போய்வரும்போது பதிவிறக்கிக்கொள்ளும் ஒலிப்பதிவு துணையாகவும் இருக்க வேண்டும். நீங்கள் செய்யக்கூடியது, ஒரே படிப்பில் ஏழெட்டுப் பேரைச் சேர்த்து, உங்கள் பள்ளியில் மாலை நேரத்தில் அவர்களைக் கூடிப் படிக்க வைப்பது. தனியே படிப்பவர் நின்றுவிடும் இடத்தில் குழுவாகப் படிப்பவர் நிற்பதில்லை என்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். பல்கலைக்கழகத்துக்கு எழுதி, மாதம் ஒருமுறை அங்கு வந்து போக ஓர் ஆலோசகரைக் கேளுங்கள்.

தேர்வு மையம் குறித்தும் இப்போதே எழுதிவிடுங்கள். சத்தியமங்கலத்தில் பிற்பகல் இரண்டு மணிக்குத் தொடங்கும் தேர்வு ஐந்து மணிக்கு முடியும். அதன் பிறகு பேருந்து பிடித்து, திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி, புலிகள் காப்பகத்தின் இரவுப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டுக்கு முன் ஊர் சேர்வது எல்லா நாளும் நடக்காது. பெண் பிள்ளைகளை அனுப்பப் பெற்றோர் தயங்குவார்கள், அந்தத் தயக்கம் நியாயமானது. தாளவாடிப் பகுதி மாணவர்களுக்குத் தேர்வுகள் அனைத்தையும் காலை வேளையிலேயே வைக்க வேண்டும் என்றும், மாணவர் எண்ணிக்கை போதுமான அளவு இருந்தால் தாளவாடியிலேயே தேர்வு மையம் திறக்க வேண்டும் என்றும், சேர்க்கை தொடங்குவதற்கு முன்பே விண்ணப்பதாரர்கள் அனைவரும் கையொப்பமிட்டுத் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்குப் பதிவஞ்சலில் அனுப்புங்கள். மாணவர் பட்டியலை அதனுடன் இணைத்து அனுப்பினால், கால அட்டவணை அச்சாகும் முன் அது அவர் மேசைக்குப் போய்ச் சேரும்.